பேரனுக்கு ஒரு பேரேடு



நம் சங்க இதழில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பருப்பு, பயறு வரத்தைப் பற்றியும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதில் உள்ள சங்கடங்கள் பற்றியும், தராசு முத்திரை பற்றியும்தான். இந்த மாதம் வேறு விஷயம் எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் யோசித்தார். "கடைக்காரர்களுக்கு இது எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். சென்ற பொதுக்குழு முடிந்து பந்தியில் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்து இலையில் இருந்த ஒரு சில்லறை வியாபாரி என் காதருகே குனிந்து கேட்டதை அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க பேரனை எங்கே காட்டுனீங்க? என் மகளும் அப்படித்தான் இருக்கா. வெளியிலே யாருக்கும் தெரியாது." அதன்பின் ஆசிரியர் மறுப்புச் சொல்லவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பேரன் இருக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. அரசாங்கக் காகிதத்தில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று நீளமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. எங்கள் கடையில் எந்த மூட்டையில் எலி கடித்த ஓட்டை இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பவன் அவன்தான். மூன்றாவது தெருவில் திரும்பும் லாரியின் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்டுவிடும். புற உலகம் அவனுக்குள் வெள்ளமாகப் பாய்கிறது, மடை கட்டத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை. நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன். டாக்டர்கள் யாராவது படித்தால் பொறுத்துக் கொள்ளவும்.

ஆட்டிசம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோய் அல்ல. மூளை வளரும் விதமே கொஞ்சம் வேறாக அமைவது. பேச்சும், பிறரோடு ஒட்டிப் பழகுவதும் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். சத்தம், வெளிச்சம், வாசனை, துணி உடம்பில் உரசுவது எல்லாம் சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கும், சிலருக்கு உறைக்கவே உறைக்காது. ஒரு பிள்ளை போல இன்னொரு பிள்ளை இருக்காது. சிலர் படித்து வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு ஆயுசு முழுக்கக் கைத்துணை வேண்டும். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது என்கிறார்கள்.

என் பேரன் 2012ல் பிறந்தான். ஒன்றரை வயதில் 'தாத்தா', 'லைட்டு' என்று சொல்லத் தொடங்கியவன், இரண்டு வயதுக்குள் அதையும் விட்டுவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி ஓடினால் அலறுவான். முதலில் கண்டுகொண்டவள் என் மருமகள்தான். "மாமா, பிள்ளைகிட்டே ஏதோ சரியில்லே. டாக்டர்கிட்டே காட்டணும்" என்று சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் தம்பி நாலு வயசு வரைக்கும் பேசலே. இன்னிக்கு மாவு மில் வச்சு நடத்துறான். ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்றேன். ஒரு தடவை அல்ல, பல தடவை சொன்னேன். வீட்டில் மூத்தவன் சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. 'அவ எந்நேரமும் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தா பிள்ளை எப்படிப் பேசும்' என்று என் மனைவி சொன்னபோது நான் தடுக்கவில்லை. உண்மையில் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. நடுவில் வெளியூர் ஒன்றில் 'ஆறே மாதத்தில் பேச வைக்கிறோம்' என்று சொன்னவர்களிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, 'வைத்தியத்துக்கு ரசீது கேட்டால் பலிக்காது' என்றார்கள். நாற்பது வருஷமாக ரசீது இல்லாமல் ஒரு சிப்பம் சீரகம் வாங்காதவன், அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2016 அக்டோபரில், மதுரையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, கிளினிகல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்று அனுப்பினார். 'சைக்கோ' என்று காதில் விழுந்ததும் எனக்குத் திக்கென்றது. பேத்திக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்ற கவலைதான் முதலில் வந்தது. நம்மில் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மனநோய் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேலும் படித்தவர், மருந்து எழுதிக் கொடுப்பார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், மருந்து கொடுப்பதில்லை. பிள்ளையைப் பரிசோதித்து, அதன் திறமை எவ்வளவு, தடங்கல் எங்கே என்று அளந்து, பழக்கவழக்கங்களை மாற்றும் வழியையும், பெற்றோர் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சொல்லிக் கொடுப்பவர். இவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 1992ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பதிவு எண் இருக்கும். நாம் ஒரு சரக்குக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்கிற மாதிரி அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அந்த ஒன்றரை லட்சக்காரர்களிடம் அப்படி எந்த எண்ணும் இல்லை.

எங்களுக்கு அமைந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். முதல் நாள் எங்களோடு பேசும்போதே தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். பேரனை அருகே அழைக்கவில்லை. அவன் ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சுற்றிவிட்டுக் கொண்டிருந்தான். அவரும் இன்னொரு மூடியை எடுத்துச் சுற்றிவிட்டார். கால் மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. 'இதற்கா ஃபீஸ்?' என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பேரன் தன் மூடியை அவர் பக்கம் தள்ளிவிட்டான். அவன் தானாக ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் பெரா டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார். கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது அல்லவா? அது சரியாக இருந்த பின்புதான் மற்றவை. மூன்று தடவை வரச் சொல்லிப் பார்த்தார். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டிலேயே தயாரித்து 2009ல் வெளியிட்ட ஒரு அளவுமுறை இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70க்குக் குறைவு என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. என் பேரனுக்கு நடுத்தரம் என்று வந்தது. இதில் எடை கூடினால் லாபம் இல்லை என்று அன்றைக்கு நான் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை.

அப்போது அவள் கேட்ட ஒரே கேள்வி, "என்னாலதான் இப்படி ஆச்சா மேடம்?" என்பது. எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அந்தப் பெண் பதறாமல் பதில் சொன்னார். 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துத்தான் இதை முதன்முதலில் விவரமாக எழுதினார். அதன் பிறகு இருபது, முப்பது வருஷம் பெரிய பெரிய நிபுணர்களே, தாயிடம் பாசம் போதாததால் வருகிறது என்று சொல்லி, எத்தனையோ தாய்மார்களை அழ வைத்திருக்கிறார்கள். 1964ல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், அவரும் இப்படி ஒரு மகனுக்குத் தகப்பன், அது தவறு என்று புத்தகம் எழுதினார். 1977ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்த ஜோடிகளில் சிலவற்றில் இரண்டு பிள்ளைகளுக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆகவே பிறப்பிலேயே இருக்கும் காரணம்தான் பெரிது, வளர்ப்பினால் வருவது அல்ல. "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலே. நீங்கதான் முதல்லே கண்டுபிடிச்சீங்க" என்றார். அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் மருமகளிடம், "நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும் தாயி" என்றேன். "விடுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

இனி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பேரன் கடைக்கு வந்தால் திடீரென்று அலறி, தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். மணிக்கட்டுக்குக் கீழே தழும்பே விழுந்துவிட்டது. 'எப்ப வரும்னே தெரியாது மேடம், காரணமே இல்லாம வரும்' என்று சொன்னோம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டார். முதல் பத்தியில் 'முன்பு', நடுவில் 'நடந்தது', கடைசியில் 'பின்பு'. "ஐயா, நீங்க கணக்கு எழுதுறவங்க. ஒவ்வொரு தடவை நடக்கும்போதும் மணி போட்டு எழுதுங்க. அதுக்கு முன்னாடி சுத்தி என்ன நடந்துச்சு, இவன் என்ன செஞ்சான், அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் என்ன செஞ்சீங்க. உங்க அபிப்பிராயம் வேண்டாம். கண்ணாலே பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றார்.

2016 நவம்பர் மாதம் நம்மில் யாருக்கும் மறக்காது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் கீழமாசி வீதியே படுத்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, இந்த நோட்டு எழுத நிறைய நேரம் கிடைத்தது. மூன்று வாரத்தில் 26 பதிவு. பேரேட்டைப் புரட்டுவது போல ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 26ல் 15 தடவை முதல் பத்தியில் 'பில் போட்டோம்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எங்களிடம் அப்போது இருந்தது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கிர்ர் கிர்ர் என்று தகரத்தைக் கீறுவது போலச் சத்தம் போடும். இருபது வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அது காதில் விழுவதே இல்லை. அவனுக்கு அது காதுக்குள் ஆணி. காரணமே இல்லாமல் வருகிறது என்று நாங்கள் சொன்ன அலறலில் பாதிக்கு மேல் அந்த மெஷினுக்குச் சொந்தம்.

மீதிப் பதிவுகள் இன்னும் மோசம். மூன்றாவது பத்தியைப் படித்தால் தெரிகிறது. கையைக் கடித்தான், கணக்குப்பிள்ளை பிஸ்கட் கொடுத்தார். கையைக் கடித்தான், லோடுமேன் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். கையைக் கடித்தான், நான் கடலை மிட்டாய் பாட்டிலைத் திறந்தேன். பேச்சு வராத பிள்ளைக்கு, எங்களிடமிருந்து ஒரு பொருளை வாங்க அவன் கண்டுபிடித்த விலை அது. தன் சதையைக் கொடுத்து பிஸ்கட் வாங்கியிருக்கிறான். நாங்கள் பாசம் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் சரக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கூட்டிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

அடுத்த தடவை நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டையும் பிரித்துச் சொன்னார். முதல் வகை அடம் அல்ல, தாங்க முடியாமை. அதில் திட்டியும் பயனில்லை, கொஞ்சியும் பயனில்லை. சத்தத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அமைதியாக அருகில் இருந்தால் போதும். இரண்டாவது வகை, கேட்கத் தெரியாமல் கேட்பது. அதற்குக் கேட்கும் முறையைக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

பிரிண்டரை மறுநாளே பின்பக்க அறைக்கு மாற்றினோம். எலெக்ட்ரானிக் தராசின் பீப் சத்தத்தையும் அணைத்துவிட்டோம். செலவு, ஒரு வயர் இழுத்த கூலி மட்டும். பிஸ்கட் விஷயம்தான் நாளாயிற்று. படம் போட்ட அட்டை ஒன்றை அவன் எடுத்துக் கொடுத்தால் உடனே அந்தப் பொருளைத் தர வேண்டும், கையைக் கடித்தால் தரக்கூடாது, கடிக்காமல் தடுத்து அட்டையைக் கையில் எடுத்துக் கொடுத்து உதவ வேண்டும் என்றார். அட்டைக்குப் படம் வேண்டுமே? நம்மிடம் இல்லாத படமா? காலி பிஸ்கட் பாக்கெட்டு உறை, பால் கவர், கடலை மிட்டாய் லேபிள், எல்லாவற்றையும் வெட்டி அட்டையில் ஒட்டினோம். பார்லே ஜி உறைதான் அவன் கையில் எடுத்த முதல் அட்டை. 'போதும், உள்ளே போகணும்' என்பதற்குப் பின்பக்க அறைக் கதவை போட்டோ எடுத்து ஒரு அட்டை செய்தோம். அதுதான் பிறகு எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது.

"முதல் வாரம் கூடத்தான் செய்யும், பயந்து விட்டுடாதீங்க" என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கூடத்தான் செய்தது. இதுவரை பலித்த வியாபாரம் திடீரென்று பலிக்காவிட்டால் யாருமே இன்னும் உரக்கத்தான் கேட்பார்கள். இதில் கஷ்டம் பேரனைத் திருத்துவது அல்ல, கடையில் இருந்த ஏழு பெரிய மனிதர்களைத் திருத்துவதுதான். கணக்குப்பிள்ளை ஒளித்து வைத்து பிஸ்கட் கொடுத்துவிடுவார். அவருக்கும் அவன் பேரன் மாதிரிதான். அவரை உட்கார வைத்து நோட்டைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார். நாலு மாதத்தில் கையைக் கடிப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

பேச்சு? ஆறு வயதில் மீண்டும் சில வார்த்தைகள் வந்தன. இன்று சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறான். உளவியலாளர் ஒருவரால் மட்டும் ஆனதல்ல இது. பேச்சுப் பயிற்சியாளர், உடல் உணர்வுகளைப் பழக்கும் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியை எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர். தூக்கம் வராத ஒரு வருஷம் மனநல டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். தூக்கம், வலிப்பு, மிகுந்த கோபம் போன்றவற்றுக்கு மருந்து உண்டு. ஆட்டிசத்தையே போக்குவதற்கு மருந்து இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றபோது, அவனுடைய நாள் ஒழுங்கு குலைந்து ஐந்தாறு மாதம் பின்னுக்குப் போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலசரக்குக் கடை திறந்திருக்கலாம் என்று விட்டதால், பூட்டிய வீதியில் அவனைத் தினமும் கடை வரை நடத்திக் கூட்டிப்போக முடிந்தது. அதுவும் இல்லாத வீடுகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காத்திருக்கும்போது வேறு பிள்ளைகளையும் பார்ப்போம். ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், கண்ணெதிரே ஒரு சாலை விபத்தைப் பார்த்த நாளிலிருந்து பேசுவதில்லை, இரவில் அலறி எழுகிறாள் என்று அவள் தாய் சொன்னார். அது ஆட்டிசம் அல்ல, அதிர்ச்சியினால் வந்தது. வைத்தியமும் வேறு. ஆனால் பார்ப்பவர் இதே உளவியலாளர்தான். அவளைப் பொம்மைகளை வைத்து விளையாட விட்டு, படம் வரைய விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைச் சொல்ல வைத்தார்கள். நாம் 'மறந்துடும்மா' என்று வாயை அடைத்துவிடுகிறோம். சில மாதம் கழித்து அந்தச் சிறுமி கேன்டீனில் தாயோடு வடைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இனி பணம், சட்டம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2016ஆம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் ஆட்டிசமும் உண்டு. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில், 'மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்ப அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சான்றிதழ் எடுத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். அதை வைத்துத்தான் மற்ற எல்லாம். 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி 'நிராமயா' என்று ஒரு காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிறவர்களுக்கு, இப்படி ஒரு பிள்ளையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாயும், கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. நான் நான்கு வருஷம் இதை வாங்காமல் விட்டேன். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் பிள்ளைகளுக்கென்று இடையீட்டு சேவை மையங்கள் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நூறு கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை.

பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசியால் வந்தது என்று இன்றும் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். 1998ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையால் கிளம்பிய புரளி அது. அந்தக் கட்டுரையை 2010ல் அந்தப் பத்திரிகையே வாபஸ் வாங்கிவிட்டது, எழுதிய டாக்டருடைய பதிவையும் ரத்து செய்துவிட்டார்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருஷ வழிகாட்டுதல், ரத்த சம்பந்தமான நோய்கள் போன்றவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு அதைச் சிகிச்சையாக விற்க இடம் தரவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன் இதை யோசியுங்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, டாட்டா காட்டவில்லை. ஒன்றே கால் வயது தாண்டியும் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. எந்த வயதிலும், வந்த பேச்சு போய்விட்டது. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். ஆட்டோச் செலவோடு போயிற்று. நான் இழந்த இரண்டு வருஷத்தை எந்த விலைக்கும் கொள்முதல் செய்ய முடியவில்லை.

நம் கடைகளுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் வருவார்கள். ரேக்கில் அடுக்கிய சோப்பை நிறம் பார்த்து மாற்றி அடுக்குவார்கள், அரிசி மூட்டைக்குள் கையை விட்டு அளைவார்கள். காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். அந்தத் தாயிடம், 'பிள்ளையைக் கண்டிச்சு வளர்க்கக் கூடாதா?' என்று கேட்காமல் இருந்தால் பெரிய உபகாரம். வரிசையில் முன்னால் விட்டு பில்லைச் சீக்கிரம் போட்டு அனுப்பலாம். எங்கள் தெருவில் ஒரு சில்லறைக் கடைக்காரர், ஒரு பிள்ளைக்காக மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், ரேடியோவை நிறுத்தி வைத்துவிடுவார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

எங்களுக்குப் பிறகு யார் என்பதுதான் இரவில் வருகிற கேள்வி. 2030ல் அவனுக்குப் பதினெட்டு வயது முடியும். அதன் பிறகு அவனுக்காகக் கையெழுத்துப் போட, கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் மனுச் செய்து காப்பாளரை நியமித்துக்கொள்ள அந்த 1999ஆம் வருஷச் சட்டத்தில் வழி இருக்கிறது. என் பங்கை எப்படி எழுதி வைப்பது என்று வக்கீலோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம், "தம்பியைப் பத்தி மறைச்சுப் பேசுற இடத்துக்கு என்னை அனுப்பாதீங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு பாரம் குறைந்தது.

பேரன் தினமும் நாலு மணிக்குக் கடைக்கு வருகிறான். காலிச் சாக்குகளைப் பத்துப் பத்தாக மடித்துக் கட்டுவது அவன் வேலை. ஒன்பதும் இருக்காது, பதினொன்றும் இருக்காது. வாரம் ஒரு முறை அவனுக்குக் கூலி கொடுக்கிறோம், ரசீதில் கைநாட்டு வாங்கிக்கொண்டு. நோட்டு இப்போது பதினெட்டாவது ஓடுகிறது. நேற்றைய பதிவு இது: 'மணி 4.20. லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். காதைப் பொத்தினான். கதவு அட்டையைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போனான். பத்து நிமிஷத்தில் தானே வந்து விட்ட இடத்திலிருந்து சாக்கை எண்ணினான்.'

பந்தியில் கேட்ட நண்பர் அடுத்த வாரம் மகளை அழைத்துக்கொண்டு மதுரைக்கு வருகிறார். நானும் கூடப் போகிறேன். வேறு யாருக்காவது கேட்க வேண்டியிருந்தால் மாலையில் கடையில்தான் இருப்பேன். குரலைத் தாழ்த்த வேண்டாம்.